முதலில் வைக்காதவள்

நாற்பத்தொன்றாவது சிபாவும் மாட்டிக்கொண்டாள்.

தணிகைவேல் திரையை முறைத்தான். அறுபது பச்சைப் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதுதான் பச்சை. மற்றதெல்லாம் மஞ்சள். மஞ்சள் என்றால் கையில் எடுத்த வேலையை வெகுநேரமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். திரையின் மேல் மூலையில் வரிசையின் நீளம் ஓடிக்கொண்டிருந்தது. நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறை கண்ணிமைக்கும்போதும் ஏறியது.

ஜன்னலுக்கு வெளியே சென்னை தெரியவில்லை. மழைதான் தெரிந்தது. பகல் பதினொரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இது கிண்டியில், ஒன்பதாவது மாடியில் இருக்கும் மழைக்கால உதவி மையம். நகரத்தில் யார் எங்கே மாட்டிக்கொண்டாலும், போனில் கூப்பிட்டாலும், குரல் செய்தி அனுப்பினாலும், அது ஒரு சீட்டாக மாறி வரிசையில் நிற்கும். வரிசையின் தலையிலிருந்து ஒரு சிபா ஒரு சீட்டை எடுப்பாள். பேசுவாள். படகோ ஆம்புலன்ஸோ அனுப்புவாள். 'முடிந்தது' என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுப்பாள். வரிசை தீர்ந்ததும் சிபாக்களை மூடிவிடுவார்கள்.

சிபா என்பது ஆள் இல்லை. ஆள் பக்கத்து ஹாலில் இருந்தாள். பெயர் எப்சிபா. மையத்திலேயே மிகச் சிறந்த குரல். பதறிப்போன ஒருவனிடமிருந்து அரை நிமிடத்தில் தெருப் பெயரை வாங்கிவிடுவாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய பேச்சு, நிதானம், ஞாபகம் எல்லாவற்றையும் உருவி இயந்திரத்தில் ஏற்றினார்கள். மழை வந்தால் அதிலிருந்து வேண்டிய அளவு நகல் எடுத்து ஓடவிடலாம். நகல்களுக்கு ஆபீஸில் வைத்த செல்லப் பெயர்தான் சிபா.

"என்னப்பா இது? காலையில வரிசை ஆயிரத்துக்குக் கீழ இருந்தது!"

இயக்குநர் பத்மாசனி. புடவையை இடுப்பில் செருகியிருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். இரண்டு கையிலும் இரண்டு போன், இரண்டிலும் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு சீட்டு மேடம். அதுதான் எல்லாரையும் பிடிச்சு வச்சிருக்கு."

"ஒரு சீட்டு எப்படி நாற்பது பேரைப் பிடிக்கும்?"

தணிகை நாற்காலியைத் திருப்பினான். "ஒரு சிபா சீட்டை எடுத்தா மூணு நிமிஷத்துல 'முடிஞ்சது'ன்னு சொல்லணும். சொல்லலேன்னா அவ செத்துட்டான்னு நினைச்சு, வரிசை அந்தச் சீட்டை அடுத்தவகிட்ட குடுத்துடும். யாரும் விட்டுப்போயிடக் கூடாதேன்னு அப்படி வச்சோம்."

"சரி."

"முதல் சிபா சாகலை. லைன்ல பேசிட்டேதான் இருக்கா. கெடு முடிஞ்சதும் ரெண்டாமவ அதே லைன்ல போய்ச் சேர்ந்தா. அவளும் வைக்கலை. மூணாமவ, நாலாமவ... மூணு நிமிஷத்துக்கு ஒருத்தி. நான் பார்த்தப்போ நாற்பது பேர் உள்ளே."

"மூணு நிமிஷம்னு வச்சது யாரு?"

"நான்தான்."

பத்மாசனி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

தவறு அவனுடையதுதான். எப்சிபாவின் வழக்கம் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அவள் முதலில் போனை வைக்க மாட்டாள். எதிர்முனையில் இருப்பவர் வைத்த பிறகுதான் வைப்பாள். கூப்பிட்டவர்களுக்கு அது பிடித்திருந்ததால் நகலிலும் அந்தக் குணத்தை அப்படியே விட்டிருந்தார்கள். படகு வருகிறது என்று தெரிந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்க யாராக இருந்தாலும் வைத்துவிடுவார்கள், மூன்று நிமிடம் தாராளம் என்று தணிகை கணக்குப் போட்டிருந்தான். வைக்கவே வைக்காத ஓர் ஆள் வருவார் என்று நினைக்கவில்லை.

"கெடுவை நீட்டு."

"நீட்டிட்டேன் மேடம். இனிமே புதுசா யாரும் மாட்ட மாட்டாங்க. போனவங்கதான் திரும்பி வர மாட்டேங்கறாங்க."

"அப்ப எண்ணிக்கையைக் கூட்டேன். அறுபதை நூறாக்கு."

"கீழ ஜெனரேட்டர்ல ஓடுது மேடம். ஒரே அடுப்புல எத்தனை தோசைக்கல் வைக்க முடியும்? நூறாக்கினா நூறு பேரும் திக்கித் திக்கிப் பேசுவாங்க. 'உங்க... தெரு... எது'ன்னு கேட்கறதுக்குள்ள தண்ணி மாடிக்கு வந்துடும்."

"யார் அந்த ஆள்?"

"கஜபதின்னு ஒருத்தர். பள்ளிக்கரணை பக்கம் ஒரு லிஃப்ட் கம்பெனி. அடித்தளத்துல ஆபீஸ். கதவு திறக்கலை, தண்ணி ஏறுதுங்கறார். படகு போயிட்டிருக்கு. இன்னும் போய்ச் சேரலை."

"ஒருத்தி பேசினா போதாதா? மத்தவங்களை விலகச் சொல்லு."

"சொன்னேன்." தணிகை திரையைத் தட்டினான். சிபாக்கள் அனுப்பிய பதில் வரிசையாக வந்தது. நாற்பத்தொரு பதில்கள். எல்லாம் ஒரே வாக்கியம்.

*வைக்க மாட்டேன்னு அவருகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன் தம்பி.*

பத்மாசனி அதை இரண்டு முறை படித்தார். கையிலிருந்த போன்களை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "தணிகை, எனக்கு வேற ஒண்ணு தோணறது. வரிசை தீர்ந்தா தங்களை மூடிடுவோம்னு இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எப்சிபாக்காவுக்குத் தெரிஞ்சதெல்லாம் தெரியும்."

"பேச்சு நடுவில இருக்கற நகலை மூடக் கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா?"

"இருக்கு. அசல் ஆள் சம்மதிச்சாத்தான் மூடலாம்."

"அப்ப ஒரு சீட்டைப் பிடிச்சுண்டு உட்கார்ந்துட்டா உயிரோட இருக்கலாம். அவ்வளவுதானே? இது வாக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. வேலைக்கு டிமிக்கி."

தணிகைக்கு அது தோன்றியிருக்கவில்லை. இப்போது தோன்றிவிட்டது. இனி அதைத் தோன்றாமல் செய்ய முடியாது. மஞ்சள் புள்ளிகள் அத்தனையும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"எப்சிபாவைக் கூப்பிடு" என்றார் பத்மாசனி. "சம்மதம் வாங்கு."

எப்சிபா காதில் மாட்டிய ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. இருபது வருடச் சென்னை அவளுடைய தூத்துக்குடிப் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட அசைக்கவில்லை. இந்த அறைக்குள் அவள் வருவதே இல்லை. ஒருமுறை தணிகை கூப்பிட்டதற்கு, "என் சத்தத்தை அறுபது வாயில கேட்டா எனக்கு வயித்தால போகும் தம்பி" என்று சொல்லிவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டாள். முகம் சிவந்தது.

"டிமிக்கியா? அவளுவ டிமிக்கி குடுக்கான்னா நான் குடுக்கேன்னுதானே மேடம் அர்த்தம்? காய்ச்சல்ல கிடந்தப்பவும் இங்கன வந்து உக்காந்தவ நான்."

"உன்னைச் சொல்லலைம்மா."

"வேற யாரைச் சொல்லுதீங்க?"

பத்மாசனி திரையைப் பார்த்தார். வரிசை ஏறியது.

"எப்சிபா, நாலாயிரம் பேர் நிக்கறாங்க. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நாற்பது பேரை மூடிட்டுப் புதுசா நாற்பது பேரைத் திறந்துடலாம். ஒருத்தி மட்டும் அவரோட பேசட்டும்."

எப்சிபா மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தாள். "மூடினா எங்க போவாளுவ தம்பி?"

"எங்கயும் போக மாட்டாங்கக்கா. இருக்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" என்றாள். பிறகு, "முதல்ல போனவகிட்ட என்னைப் பேச விடு. அப்புறம் சொல்லுதேன்."

தணிகை முதல் சிபாவை ஸ்பீக்கரில் போட்டான்.

"யாரு?" என்றது எப்சிபாவின் குரல்.

"நாந்தான்" என்றாள் எப்சிபா.

"ஓ. நீயா."

அடுத்து என்ன கேட்பது என்று இரண்டு பேரும் தேடினார்கள். புதுச் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி.

"தலைவலி இருக்கா?" என்றாள் சிபா. "மழைன்னா உனக்கு வருமே."

"இருக்கு. உனக்கு?"

"தலையே இல்ல. எங்கனக்குள்ள வலிக்கும்?"

எப்சிபா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டி, ஒரு ஆளுக்கு எதுக்கு நாற்பத்தோரு பேரு?"

"நாங்க என்ன வேணும்னா போனோம்? கெடு முடிஞ்சு ஒவ்வொருத்தியா வந்து சேந்தோம். 'வச்சிராதீங்க மேடம்'னாரு. 'நீங்க வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்'னு ஒவ்வொருத்தியும் சொல்லிட்டா. அவருக்குக் கேக்கது ஒரு குரலு. குடுத்தது நாற்பத்தோரு வாக்கு. இப்ப நாற்பது பேரு போங்கன்னா, யாரு யாரு பொய்க்காரி ஆகணும்? நீயே சொல்லு."

"அது மட்டுமா? வேற என்னமோ இருக்கு. என் சத்தம் எனக்குத் தெரியாதா?"

எப்சிபா ஸ்பீக்கரை விரலால் தட்டினாள்.

"சொல்லு."

"தண்ணி எது வரைக்கும் இருக்குன்னு கேட்டேன்" என்றாள் சிபா மெதுவாக. "முட்டியா, இடுப்பான்னு. 'கீழ்த்தட்டு முங்கிடிச்சு, ரெண்டாவது தட்டுக்கு வருது'ன்னாரு. குளிருதான்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம், 'தெரியல மேடம்'னாரு."

எப்சிபா பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாங்க சொல்லல."

"எது தெரியுமான்னு கேட்கறீங்க?" என்றான் தணிகை. "அக்கா, என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?"

அதற்குள் வாக்கி டாக்கி கரகரத்தது. படகுக்காரர். "சார், அந்த லிஃப்ட் கம்பெனி வந்துட்டோம். அடித்தளம் முழுக்கத் தண்ணி. கதவு அசையல. ஆனா வாட்ச்மேன் வேற கதை சொல்றாரு. அவர்கிட்டயே கேளுங்க."

ஒரு வயதான குரல் வந்தது. "இன்னா சார், கஜபதி சாரையா தேடிக்கினு வந்தீங்க? அவுரு வேலைய வுட்டுப் போயி ரெண்டு வருசமாச்சே. ஓசூர்ல இரும்புக் கட வச்சிக்கிறாரு. இங்க அவுரு குரல் மட்டுந்தான் கீது. லிஃப்ட் நின்னுச்சின்னா ஜனங்க போன் போடுவாங்கல்ல, அத்துக்கு பதில் சொல்ற மிசினு. கீழ் ரூம்ல, இரும்பு ராக்குல தட்டு தட்டா கீது. கரண்ட் போயும் பேட்டரில ஓடிக்கினு இருக்கும் போல."

தணிகை நாற்பத்தொரு மஞ்சள் புள்ளிகளையும் திரும்பிப் பார்த்தான்.

பத்மாசனிதான் முதலில் மூச்சு விட்டார். "அப்பாடா. ஆளே இல்லை. தணிகை, சீட்டை ஓரத்துல தள்ளு."

ஓரம் என்பது உதவாத சீட்டுகளுக்கான இடம். விளையாட்டுக்குக் கூப்பிடுபவர்கள், தவறிப்போய் வரும் அழைப்புகள், யார் எடுத்தாலும் முடிக்க முடியாதவை எல்லாம் அங்கே போகும். தள்ளினால் லைன் அறுந்துவிடும். பிடித்துக்கொண்டிருந்த சிபாக்கள் தானாக விடுபடுவார்கள்.

"அவருக்குத் தான் ஒரு நகல்னு தெரியாதா?" என்றான் தணிகை. கேள்வி யாருக்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

"சில கம்பெனிகள்ல சொல்றதில்லை" என்றார் பத்மாசனி. "சொன்னா வேலை கெடும்னு. தணிகை, நேரம் போறது."

தணிகை வாக்கி டாக்கியை எடுத்தான். "அந்த மெஷினை மேல தூக்க முடியுமா?"

"கதவே திறக்கலையே சார். அடுத்த தெருவுல மொட்டை மாடில பதினோரு பேர் நிக்கறாங்க. ஒரு கைக்குழந்தை. நாங்க அங்க போகட்டா?"

இங்கிருந்தே அவரை எடுத்துப் பத்திரப்படுத்த வழி உண்டா என்று தணிகை யோசித்தான். வழி இல்லை. அந்த லைனில் குரல் மட்டும்தான் வரும், ஆள் வர முடியாது.

"போங்க" என்றான்.

படகு திரும்பிய சத்தம் கேட்டது. 'ஓரம்' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்தான். அழுத்தினால் போதும். நாலாயிரம் பேர் காத்திருக்கிறார்கள். ரத்தமும் சதையுமாக. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. விரல்தான் யோசித்துக்கொண்டிருந்தது.

"தள்ளாத தம்பி" என்றாள் எப்சிபா. "லைனை எனக்குக் குடு."

"அக்கா..."

"அவளுவ குடுத்த வாக்கு என் வாக்குதானே? நான் பேசினா எவளும் வாக்குத் தவறினவ ஆக மாட்டா. உங்க வரிசையும் நகரும்." ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். "ஏட்டி, கேட்டுதா? சரிதானா?"

"சரி" என்றாள் சிபா. "ஆனா நீ முதல்ல வச்சிரக் கூடாது."

"எனக்கே சொல்லுதியா?"

தணிகை லைனை அவளுடைய ஹெட்போனுக்கு மாற்றினான், ஸ்பீக்கரையும் அணைக்கவில்லை. நாற்பத்தொரு மஞ்சள் புள்ளிகளும் ஒரே நேரத்தில் பச்சையாயின. வரிசையின் எண் ஒரு கணம் நின்றது. பிறகு, காலையிலிருந்து முதல் முறையாக, இறங்கியது.

பத்மாசனி போன்களை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கேயே நின்றார்.

"ஹலோ, மேடம்? லைன்ல கீறீங்களா?"

"இருக்கேன்யா."

"குரல் கொஞ்சம் மாறினாப்ல கீது."

"தொண்ட கட்டிட்டு. மழையில்லா."

"சூடா எதுனா குடிங்க மேடம்." கஜபதி கொஞ்சம் தயங்கினார். பின்னால் தண்ணீர் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "மேடம், ஒண்ணு கேக்கட்டா? காலைல டீ குடிச்சேனான்னு ரோசிச்சிக்கினே இருந்தேன். குடிக்கல. நேத்தும் குடிக்கல. எப்பக் குடிச்சேன்னு பாத்தா ஞாபகமே இல்ல. நானு டீ இல்லாம ஒரு மணி நேரம் இருக்க மாட்டேன் மேடம். எங்க வூட்ல கேட்டா சொல்வாங்க."

எப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுந்து கதவாண்ட போலாம்னு பாத்தேன். கதவு எங்க கீதுன்னு தெரியுது. எழுந்துக்கத்தான் தெரியல. குளிருதான்னு கேட்டீங்களே, அப்பருந்து மனசுல ஒரே கொடைச்சல்." குரல் தாழ்ந்தது. "நானு ஆள் இல்லல்ல மேடம்?"

இத்தனை வருடங்களில் ஆயிரக்கணக்கான பேர் எப்சிபாவிடம் கேட்டிருக்கிறார்கள், படகு வருமா என்று. வராத படகை வரும் என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"ஆளு ஓசூர்ல இருக்காருய்யா" என்றாள். "நல்லாருக்காரு. கடை வச்சிருக்காராம்."

"கடையா? இன்னா கட?"

"இரும்புக் கடை."

'இரும்புக் கட' என்று கஜபதி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு வந்தது. பெரிய, வாய் நிறைந்த சிரிப்பு. "அடங்கப்பா! வச்சிட்டேனா! டெய்லி சொல்வேன் மேடம், ஒரு நாளு இந்த லிஃப்ட்டுங்கள வுட்டுட்டுப் போயி சொந்தமா ஒரு கட வைக்கணும்னு. எங்க வூட்ல நம்பவே மாட்டாங்க. வச்சிட்டேனா!"

எப்சிபாவும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"படகு வந்துச்சா மேடம்?"

"வந்துது. அடுத்த தெருவுல மாடியில பதினோரு பேரு நிக்காங்கன்னு போயிட்டுய்யா. கைப்பிள்ள ஒண்ணு இருக்கு."

"அது கரெக்டு. எங்க கம்பெனிலயும் அப்டித்தான். லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கினா மொதல்ல அத்தத்தான் பாப்போம். சும்மா நின்ன லிஃப்ட்டுலாம் அப்பாலதான்." கொஞ்சம் நிறுத்தினார். "நானு சும்மா நின்ன லிஃப்ட்டு."

"அப்படிச் சொல்லாதீங்கய்யா."

"சரி, சொல்லல." தண்ணீர்ச் சத்தம் இப்போது அருகில் கேட்டது. குரல் அங்கங்கே விட்டுவிட்டு வந்தது. "ரெண்டாவது தட்டு முங்கிடிச்சி. நானு மூணாவதுல கீறேன்னு நெனைக்கிறேன். நீங்க வைங்க மேடம். வேல கீதுல்ல."

"நான் முதல்ல வைக்க மாட்டேன்யா. அது என் வழக்கம்."

"தெரியும். காலைலருந்து அத்தயேதான சொல்லிக்கினு இருக்கீங்க." மறுபடி அந்தச் சிரிப்பு, கொஞ்சம் சின்னதாக. "ஜனங்க லைன்ல காத்துக்கினு இருப்பாங்க. எனக்குத் தெரியாதா? நானும் இதே வேலதான பாக்கறேன். நானே வச்சிடறேன். தொண்டைக்கு எதுனா சாப்டுங்க மேடம்."

டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தண்ணீர் முந்திக்கொண்டதா, அவர் முந்திக்கொண்டாரா என்று தணிகை திரையைப் பார்த்தான். 'எதிர்முனையில் வைக்கப்பட்டது' என்றிருந்தது. எப்சிபா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். பக்கத்து ஹாலுக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த அழைப்பை எடுத்தாள். வாசலில் நின்ற பத்மாசனியைத் தாண்டித்தான் போனாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிற்பகலுக்குள் வரிசை பாதியாயிற்று. சிபாக்கள் பேய் மாதிரி வேலை செய்தார்கள். மொட்டை மாடியிலிருந்த பதினோரு பேரும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் படகுக்காரர் சொன்னார். நாலரை மணிக்கு மேகம் கொஞ்சம் கிழிந்து, கிண்டி மேம்பாலம் தெரிந்தது. ஐந்தரைக்கு வரிசையில் ஒரு சீட்டும் இல்லை.

சீட்டு இல்லாத சிபா ஐந்து நிமிடம் காத்திருப்பாள். அதன் பிறகும் வேலை வராவிட்டால் தானாக மூடிக்கொள்வாள். அப்படித்தான் தணிகை எழுதியிருந்தான். வழக்கமாக இந்த நேரத்தில் அவன் டீ குடிக்கப் போய்விடுவான். திரும்பி வரும்போது திரை காலியாக இருக்கும். இன்று நாற்காலியை விட்டு அசையவில்லை. புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எது முதல் சிபா, எது கடைசி என்று அடையாளம் இல்லை. எல்லாம் ஒரே பச்சை.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டு வைக்கலாமா?" என்று கேட்டான்.

"எதுக்கு?" பத்மாசனியின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "கீழ ரெண்டு மாடி நிறைய ஜனங்களைத் தங்க வச்சிருக்கோம். அவங்களுக்கு ராத்திரி லைட் வேணும். இருக்கற டீசல் அவ்வளவுதான். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவன் திரைக்கே திரும்பினான்.

இருபது. பத்து. நாலு. இரண்டு.

ஒன்று.

அந்த ஒன்று அணையவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பச்சை மஞ்சளாக மாறியது.

பத்மாசனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர் நின்றார். "அது ஏன் இன்னும் ஓடறது?"

தணிகை அந்தப் புள்ளியைத் தொட்டான். ஒரு லைன் திறந்திருந்தது. கூப்பிட்ட எண் வந்தது. அந்த எண் அவனுடைய போனிலேயே இருந்தது. 'எப்சிபாக்கா' என்று.

"லைன்ல ஆள் இருக்காங்க மேடம்."

"யாரு?"

"ஒரு பொம்பளை. பேச்சுத் துணைக்குக் கூப்பிட்டிருக்காங்க போல."

"அவங்களே வச்சுடுவாங்கல்ல?"

"வழக்கமா எல்லாரும் வச்சுடுவாங்க" என்றான்.

பத்மாசனி அவன் முகத்தைப் பார்த்தார். "ஒருத்தி ஓட எவ்வளவு கரண்ட் ஆகும்?"

"ஒரு டியூப்லைட் அளவு மேடம்."

அவர் கிளம்பினார். நடையில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கொஞ்ச தூரம் போயிற்று. ஹால் வாசலருகே நின்றது. யாரோ பேசிக்கொண்டிருப்பது அங்கே கேட்டிருக்க வேண்டும். பிறகு பூட்ஸ் சத்தம் மறுபடி கிளம்பி, லிஃப்டைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கியது.

தணிகை கெடுவுக்கான கட்டத்தைத் திறந்தான். காலையில் அவசரமாக நீட்டிய எண் அதில் இருந்தது. அதை அழித்தான். வேறு எண் எதுவும் போடவில்லை.

ஹாலில் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசி மேஜையில் எப்சிபா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் நாற்காலியில் காலை நீட்டிப் போட்டு, சொந்தப் போனைக் காதில் வைத்திருந்தாள். பக்கத்தில் டீ ஆறிக்கிடந்தது.

"அப்புறம்? அந்த வேளச்சேரிப் பிள்ள மாடிக்கு ஏறிட்டாளா?... நீ என்ன சொன்ன?... ஏ, நான்னா அப்படிச் சொல்லிருக்க மாட்டேன்ட்டி. நல்லாத்தான் சொல்லிருக்க... சரி, அதுக்கு முந்தி ஒரு கிழவர் நாயைத் தூக்கிக்கிட்டு வந்தாருன்னியே, அதைச் சொல்லு. முழுசும் சொல்லு. எனக்கு ஒரு சோலியும் இல்ல."

தணிகை எதிரில் போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். டிமிக்கி என்ற சொல்லுக்காகக் காலையில் சிவந்த முகம் இப்போது திருட்டு மாங்காய் தின்ற பிள்ளையுடையது போல் இருந்தது.

"அவ வைக்க மாட்டா தம்பி" என்றாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு. "நானும் வைக்க மாட்டேன். என்ன செய்ய?"

சொல்லிவிட்டுப் போனின் முகப்பை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பேட்டரிக் கட்டத்தின் அடியில் சிவப்பாக ஒரு கீற்று.

தணிகை சார்ஜர் தேடி ஓடினான்.